கெமிஸ்ட்ரி படிச்சு என்ன ஆன மச்சான்?

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். கெமிஸ்ட்ரின்னாலே அலர்ஜி ஆகிறவங்க நடுவுல ஒரு மூணு பாராவைத் தாண்டிப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை படப்பையில எங்க அக்கா வீட்டுல ஒரு பஞ்சாயத்து. அக்கா பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிருக்கா. மார்க் ஓஹோன்னும் இல்ல, மோசமும் இல்ல. கையில ரெண்டு சீட்டு. ஒண்ணு, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில கம்ப்யூட்டர் சயின்ஸ். காலேஜ் பஸ் படப்பைக்கே வந்து ஏத்திக்கும். இன்னொண்ணு, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பொண்ணுக்கு ரெண்டாவதுதான் வேணுமாம். அக்கா வீட்டுக்காரருக்கு அது தலையிலயே ஏறல. பஞ்சாயத்துக்கு நாட்டாமையா என்னைக் கூப்பிட்டிருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். போனப்புறம்தான் தெரிஞ்சுது, நான் நாட்டாமை இல்ல, சாட்சி.

"மச்சான், நீ எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சவன். நீயே சொல்லு, படிச்சு என்ன ஆன?"

சோறு தொண்டையிலயே நின்னுடுச்சு. நான் என்ன ஆனேன்? ஒரகடம் பக்கம் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில தரக்கட்டுப்பாடு. வண்டி ஹெட்லைட்டுக்கு மேல போடற மூடியை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்து, கோடு இருக்கா, புள்ளி இருக்கான்னு சொல்ற வேலை. இதுக்கு எம்.எஸ்சி. எதுக்குன்னு அவர் கேக்கல. கேக்காததுதான் மரியாதை.

அடுத்து இன்னொரு குண்டு. "கவர்மென்டு பிளாஸ்டிக்கையே தடை பண்ணிடுச்சு. இதைப் போய்ப் படிச்சு இவ என்ன பண்ணப்போறா?"

இதைச் சொன்னவர் படப்பை பஜார்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். பி.வி.சி. பைப், பிளாஸ்டிக் குடம், பக்கெட்டு, நைலான் கயிறு, தண்ணி டேங்க். "மாமா, உங்க கடையில பிளாஸ்டிக் இல்லாத ஒரு சாமானைக் காட்டுங்க"ன்னேன். யோசிச்சுட்டுத் தொடப்பம்னார். பொண்ணு உள்ளே இருந்து தொடப்பத்தைக் கொண்டாந்து காட்டினா. கைப்பிடி பிளாஸ்டிக்கு :-)

சிரிச்சாச்சு. ஆனா கேள்வி அப்படியேதான் இருக்கு. படிச்சு என்ன ஆவா? அன்னிக்கு அவங்களுக்கு ஒரு ஆளைப் பத்திச் சொன்னேன். அதை இங்கேயும் எழுதிடறேன். எழுதும்போது எனக்கே வேற சில விஷயம் உறைச்சுது.

ஆள் பேரு எஸ். சிவராம். 1946-ல் பிறந்தவர். அதே தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில்தான் பி.எஸ்சி., முடிச்சது 1965-ல். 1837-ல் சென்னை நகரத்துக்குள்ள பள்ளிக்கூடமா ஆரம்பிச்ச இடம் அது. 1937-ல்தான் தாம்பரத்துக்கு வந்துது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், மான் திரியற புதர்க்காடு. பீச்சுலேருந்து மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் ட்ரெயின் வந்து நின்னா தாம்பரம், அதோட ஊர் முடிஞ்சுது. அறுபதுகள்ல படப்பையைச் சொன்னா அது எங்கேன்னு திருப்பிக் கேட்டிருப்பாங்க.

அங்கேருந்து ஐ.ஐ.டி. கான்பூர்ல எம்.எஸ்சி., 1967. அப்புறம் அமெரிக்காவுல பர்டியூ பல்கலைக்கழகம். அங்கே அவருக்கு ஆராய்ச்சி வழிகாட்டி ஹெர்பர்ட் சி. பிரவுன். போரான் வேதியியலுக்காக 1979-ல் நோபல் வாங்கினவர். பிரவுன் போரானுக்கு வந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். படிப்பு முடிஞ்சப்ப அவரோட காதலி ஒரு புஸ்தகம் பரிசு கொடுத்தாங்க, போரான், சிலிக்கான் ஹைட்ரைடுகள் பத்தினது. ஏன் அந்தப் புஸ்தகம்? கடையில இருந்த கெமிஸ்ட்ரி புஸ்தகங்கள்லயே அதுதான் விலை கம்மி, ரெண்டு டாலர். பொருளாதார மந்தக் காலம், கையில காசு இல்ல. கையில காசு இருந்திருந்தா அந்த நோபல் எங்கே போயிருக்குமோ!

பிஎச்.டி.க்கு அப்புறம் சிவராம் போனது அக்ரன். குட்இயர், ஃபயர்ஸ்டோன் மாதிரி டயர் கம்பெனிகள் வளர்ந்த ஊர். அமெரிக்காவோட ரப்பர் தலைநகரம்னு பேரு. அங்கே ஜோசப் கென்னடிங்கிற ஹங்கேரிக்காரர்கிட்ட வேலை. கென்னடியோட வழியில வந்த ஒரு ரப்பரைத்தான் பிற்பாடு இதயத்துல வைக்கிற ஒருவகை ஸ்டென்ட்டுக்கு மேல்பூச்சா போட்டாங்க. நம்ம சொந்தக்காரங்க யார் நெஞ்சுலயாவது கூட அது இருக்கலாம்.

இந்த இடத்துல நம்ம ஊர்க் கதைன்னா ஒண்ணு அங்கேயே செட்டில் ஆகணும், இல்லைன்னா 'தாய்நாட்டுக்காகத் திரும்பினார்'னு வயலின் வாசிக்கணும். அவர் எழுபதுகளின் நடுவுல திரும்பினார். திரும்பினது பல்கலைக்கழகத்துக்கு இல்ல, தொழிற்சாலைக்கு. குஜராத்ல வதோதராவுல, 1969-ல் மத்திய அரசு ஆரம்பிச்ச ஐ.பி.சி.எல்., அதாவது இந்தியன் பெட்ரோகெமிக்கல்ஸ். அதோட ஆராய்ச்சிப் பிரிவு. எண்பதுகளின் கடைசி வரைக்கும், பத்து வருஷத்துக்கு மேல அங்கேதான்.

ஐ.பி.சி.எல். சரக்குக்குப் பேரெல்லாம் ஜோரா வைப்பாங்க. பாலிப்ரோப்பிலீனுக்குக் கோய்லீன், பாலிஎத்திலீனுக்கு இண்டோத்தீன், டயருக்குப் போற ரப்பருக்கு சிஸாமர். எங்க கம்பெனியில ஒரு பழைய ஷிப்ட் சூப்பர்வைசர், பாலிப்ரோப்பிலீன் மூட்டை எந்தக் கம்பெனியிலேருந்து வந்தாலும் இன்னிக்கும் கோய்லீன்னுதான் சொல்வார். வனஸ்பதின்னா டால்டாங்கற மாதிரி.

சரி, அங்கே உட்கார்ந்து ஒரு கெமிஸ்ட் என்னதான் பண்ணுவான்? இப்பத்தான் கெமிஸ்ட்ரி. ஓடறவங்க ஓடலாம்.

எத்திலீன்னு ஒரு வாயு. வாழைத்தாரைப் பழுக்க வைக்கறது அதுதான். அதைப் பத்தாயிரக்கணக்குல ஒண்ணோட ஒண்ணு சங்கிலியா கோத்தா பாலிஎத்திலீன். அவர் கடைக் குடம், கேரி பேக் எல்லாம். கோக்கறதுதான் கஷ்டம். 1933-ல் இங்கிலாந்துல ஐ.சி.ஐ. கம்பெனியில இது முதல்ல வந்தப்போ, காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல அழுத்தினாத்தான் கோத்துக்கிச்சு. 1953-ல் ஜெர்மனியில கார்ல் சீக்லர் லேப்ல அலுமினியம் சேர்மம் ஒண்ணை வச்சு எத்திலீனை நீளமா வளர்க்கப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஒரு தடவை வளரவே இல்ல. ரெண்டு ரெண்டா சேர்ந்து பியூட்டீனா நின்னுபோச்சு. ஏன்னு தேடிப் பார்த்தா, அதுக்கு முன்னாடி அதே பாத்திரத்துல செஞ்ச வேற வேலையோட நிக்கல் மிச்சம் கொஞ்சூண்டு ஒட்டிக்கிட்டிருந்திருக்கு. நம்ம வீடா இருந்தா பாத்திரம் தேய்க்கறவங்களுக்குத் திட்டு விழுந்திருக்கும். அவங்க, இத்தனூண்டு உலோகம் வேலையைக் கெடுக்கும்னா, வேற எந்த உலோகமாவது வேலையை நடத்திக் கொடுக்குமான்னு வரிசையா போட்டுப் பார்த்தாங்க. டைட்டானியத்துல சிக்கிச்சு. சாதாரண அழுத்தத்துலயே பாலிஎத்திலீன் கொட்டிச்சு.

அடுத்த வருஷம் இத்தாலியில ஜூலியோ நத்தா அதே சாமானை ப்ரோப்பிலீன்மேல போட்டார். ப்ரோப்பிலீன்ல ஒரு சின்னக் கொம்பு இருக்கும், மெத்தில்னு பேரு. பூச்சரம் கட்டறதைப் பார்த்திருப்பீங்க. எல்லாப் பூவும் ஒரே மாதிரி திரும்பியிருந்தா சரம் நெருக்கமா, விறைப்பா நிக்கும். இஷ்டத்துக்குத் திரும்பியிருந்தா தொளதொளன்னு இருக்கும். கொம்பெல்லாம் ஒரே பக்கம் நின்னா பாலிப்ரோப்பிலீன் கெட்டி, நாற்காலி செய்யலாம். கண்டபடி நின்னா பிசுபிசுன்னு பசை. கொம்பை ஒரே பக்கம் நிக்க வைக்கறதுதான் அந்த வினையூக்கியோட சூட்சுமம். 1963-ல் ரெண்டு பேருக்கும் நோபல்.

(நாங்க படிச்ச தமிழ் மீடியம் புஸ்தகத்துல இதுக்கு 'வினைவேக மாற்றி'ன்னு பேரு. எங்க வாத்தியார் பாலுக்கு உறை ஊத்தற மோரை உதாரணம் சொல்வார். தப்பான உதாரணம், மோர் தானும் வளர்ந்துடும். கல்யாணத் தரகர்னு சொல்லியிருக்கணும். ரெண்டு பேரைச் சேர்த்துவிட்டுட்டு, தான் அப்படியே அடுத்த வீட்டுக்குப் போயிடுவார். கமிஷன் மட்டும் இடிக்குது.)

நோபல் கொடுத்தாச்சு, வேலை முடிஞ்சுதான்னா, தொழிற்சாலைக்காரனுக்கு அங்கேதான் ஆரம்பம். முதல் தலைமுறை வினையூக்கியில ஒரு கிராமுக்குச் சில கிலோதான் சரக்கு வரும். உள்ளே தங்கின டைட்டானியத்தைக் கழுவி எடுக்கணும், பசையைத் தனியா பிரிச்சுக் கொட்டணும். கழுவறதுக்கே ஒரு பாதி ஃபாக்டரி. அப்புறம் டைட்டானியத்தை மெக்னீசியம் குளோரைடுமேல ஏத்தி, ஒரு கிராமுக்குப் பத்துக்கணக்கான கிலோன்னு கொண்டு வந்தாங்க. கழுவற வேலையே போச்சு. குடம் மலிவானது அப்படித்தான். இந்த மாதிரி ஒவ்வொரு படிக்கும் பின்னாடி எத்தனையோ பேர் வருஷக்கணக்கா தோத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இந்த வேலையில நூறு தடவை போட்டா தொண்ணூறு தடவை வராது. அலுமினியம் சேர்மம் காத்துப்பட்டா தீப்பிடிக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்டா வினையூக்கி செத்துடும்.

அந்த ஈரத்தைப் பத்தி எனக்கு நல்லாவே தெரியும்.

எம்.எஸ்சி. முடிச்சுட்டு ரெண்டு வருஷம் நானும் ஒரு லேப்ல இருந்தேன். எந்த லேப்னு கேக்காதீங்க, சொல்லமாட்டேன். இதே மாதிரி வினையூக்கி வேலை. நைட்ரஜன் வாயுக்குள்ள வச்சுச் செய்யணும். வந்த நைட்ரஜன் சிலிண்டர்ல ஈரம். அதை உலர்த்தற குழாய்க்குள்ள போடற மணியைச் சூடுபண்ணி ஈரத்தை விரட்டணும், அந்த அடுப்பு ரிப்பேர். அடுப்பு ரிப்பேருக்கு ஃபைல் போட்டோம். எட்டு மாசம் ஃபைல் மேஜை மேஜையா நடந்துச்சு. நடுவுல ஐப்பசி, கார்த்திகை வந்துடுச்சு, சென்னைக் காத்தைப் பத்திச் சொல்லணுமா? நான் செஞ்ச வினையூக்கி எல்லாம் பழுப்பாகிச் செத்துது. எங்க சார் நல்ல மனுஷன். "வரும்பா, வரும்பா"ன்னுவார். வந்தது ஒண்ணே ஒண்ணுதான், ப்ராஜெக்ட் பணம் முடிஞ்சுபோச்சுங்கற லெட்டர். அப்பா அப்பத்தான் ரிட்டயர்டு. நான் ஒரகடம் போயிட்டேன்.

ரொம்ப நாளா நான் என்ன நினைச்சுக்கிட்டிருந்தேன்னா, எனக்குச் சரக்கு பத்தல, அதான் வரல. சிவராம் மாதிரி ஆளுங்க வேற ஜாதி மூளை. அன்னிக்கு அக்கா வீட்டுல அவர் கதையைச் சொல்லும்போதுதான் சந்தேகம் வந்துது. மூளை வேற மாதிரின்றது இருக்கட்டும். அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா அந்த மூளைக்குச் சம்பளம் கொடுத்து, நைட்ரஜன் உலர்வா கொடுத்து, பத்து வருஷத்துக்கு மேல 'உன் கேள்வி எங்க ஃபாக்டரிக்கு வேணும்'னு சொன்ன ஒரு இடம் இருந்துது இல்ல? பக்கத்துலயே பிளாண்ட் ஓடிக்கிட்டிருக்கும். காலையில லேப்ல ஒரு கிராம் செஞ்சா, அந்த ஒரு கிராம் யாருக்குத் தேவைன்னு ஜன்னல் வழியா பார்த்தாலே தெரியும்.

அதனாலதான் இதைத் தியாகம்னு எழுத எனக்கு மனசு வரல. தியாகம்னு சொல்லிட்டா நமக்குப் பொறுப்பு விட்டுப்போச்சு. நல்ல மனுஷங்க தியாகம் பண்ணுவாங்க, நாம கைதட்டுவோம். இடம்னு சொன்னாத்தான் அடுத்த கேள்வி வரும்: அந்த மாதிரி இடம் இப்ப எங்கே?

1988-ல் அவர் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு, என்.சி.எல்.னு சொல்வாங்களே, அங்கே பாலிமர் வேதியியல் பிரிவுக்குப் போனார். 1950-ல் திறந்த அரசு ஆய்வகம். அங்கே செஞ்சதுல எனக்கு நெருக்கமானது பாலிகார்பனேட். நான் தினமும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கற ஹெட்லைட் மூடி அதே சாமான்தான். பழைய முறையில அதைச் செய்ய பாஸ்ஜீன்னு ஒரு விஷ வாயு வேணும். முதல் உலகப்போர்ல ஆளைக் கொல்லப் பயன்படுத்தினது. அது இல்லாம, சின்னச் சங்கிலியைத் திட நிலையிலயே சூடுபண்ணி நீளமாக்கற வழியில என்.சி.எல். வேலை பண்ணி அமெரிக்கக் காப்புரிமை வாங்கிச்சு. தொண்ணூறுகள்ல அந்தக் காப்புரிமைகளுக்கு உரிமம் வாங்கினது ஜி.ஈ. அந்தச் சரக்குல அப்ப உலகத்துலயே பெரிய ஆள். நாம அவங்ககிட்ட வாங்கித்தான் பழக்கம். அந்த ஒரு தடவை அவங்க நம்மகிட்ட வாங்கினாங்க.

2002-லேருந்து 2010 வரைக்கும் அவர் என்.சி.எல். இயக்குநர். 2006-ல் பத்மஸ்ரீ. அவருக்கு முன்னாடி 1995-லேருந்து 2002 வரை இயக்குநரா இருந்த பால் ரத்தினசாமியும் நம்ம லயோலா கல்லூரிக்காரர், அவரும் வினையூக்கி ஆள்தான். பதினஞ்சு வருஷம் தொடர்ந்து புனேயில இந்தியாவோட பெரிய வேதியியல் லேபை நடத்தினது சென்னைக் காலேஜ்ல படிச்ச ரெண்டு வினையூக்கிக்காரங்க. நம்ம ஊர் பத்திரிகைகள்ல நீங்க எத்தனை தடவை இதைப் படிச்சீங்க? நாசா ஆபீஸ்ல டீ குடிச்ச தமிழனைப் பத்திக்கூட முழுப்பக்கம் போடுவாங்க.

ஐ.பி.சி.எல். என்ன ஆச்சு? 2002-ல் அரசு 26 சதவீதப் பங்கை ரிலையன்ஸுக்கு வித்துது, நிர்வாகமும் கை மாறிச்சு. 2007-ல் ரிலையன்ஸோடயே இணைஞ்சுபோச்சு. நான் தனியார்மய எதிர்ப்புப் பதிவு போட வரல. பிளாண்ட் ஓடுது, சரக்கு வருது. அங்கேயும் ஆராய்ச்சி நடக்குது. 'அரசு கம்பெனின்னா ஊழல், சோம்பேறித்தனம், உன் எட்டு மாச ஃபைலை மறந்துட்டியா'ன்னு நீங்க பின்னூட்டத்துல கேப்பீங்க. மறக்கல. அரசா தனியாரான்றது இல்ல என் கேள்வி. நாட்டுல எத்தனையோ பாலிப்ரோப்பிலீன் பிளாண்ட் வந்தாச்சு. பெரும்பாலும் வெளிநாட்டு லைசென்ஸ் வாங்கிப் போட்டது, வினையூக்கியும் கூடவே அவங்ககிட்ட. பிளாண்ட் நம்மது, சூட்சுமம் அவங்களது. அப்ப நம்ம பசங்களுக்கு மிச்சம் என்ன? என்னை மாதிரி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கற வேலை.

பெங்களூரு, ஹைதராபாத்ல பன்னாட்டுக் கம்பெனி ஆராய்ச்சி மையம் நிறைய இருக்கு, வாஸ்தவம். ஜி.ஈ.யே 2000-ல் பெங்களூருல பெரிய மையம் திறந்துது. நல்ல சம்பளம், நல்ல நைட்ரஜன். எங்க அக்கா பொண்ணுக்கு அங்கே வேலை கிடைச்சா முதல் ஸ்வீட் பாக்ஸ் நான்தான் வாங்குவேன். ஆனா அங்கே எதை ஆராயணும்னு முடிவு பண்ற மேஜை வேற ஊர்ல இருக்கு. அந்த மேஜை என்னிக்காவது 'இந்த வேலை போதும்'னு சொன்னா போதும்தான். நம்ம பங்குக்கு நாம ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது நாட்டு உற்பத்தியில 0.64 சதவீதம், இது 2020-21 கணக்கு. தென்கொரியா 5 சதவீதத்துக்குப் பக்கத்துல நிக்குது. அந்த 0.64-லயும் கம்பெனிக்காரங்க போடற பங்கு கம்மி.

இதையெல்லாம் அன்னிக்கு அவர்கிட்ட மறைக்காம சொன்னேன். சிவராம் கதையை மட்டும் சொல்லிட்டு, 'பாருங்க, இதே காலேஜ், பத்மஸ்ரீ'ன்னு எழுந்து வந்திருந்தா அது ஏமாத்து வேலை. மூணு வருஷம் பி.எஸ்சி., ரெண்டு வருஷம் எம்.எஸ்சி., அஞ்சு வருஷத்துக்குக் குறையாம பிஎச்.டி. நெட் பரீட்சை எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினா, 2023 ஜனவரியில உயர்த்தின கணக்குப்படி மாசம் 37,000. எதிர்வீட்டுப் பையன் இஞ்சினியரிங் முடிச்சுட்டு சோழிங்கநல்லூர்ல ஆணி புடுங்கப் போய் கார் வாங்கியிருப்பான். இவ அப்பவும் ஒரு குடுவையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. இதுக்குச் சம்மதம்னாத்தான்.

"அப்ப வேணாங்கற?"ன்னார்.

"இல்ல. வேணும்கறேன். ஆனா தெரிஞ்சு வேணும்கறேன்."

அவரோட ரெண்டாவது குண்டுக்கும் பதில் சொல்லணும் இல்ல? பிளாஸ்டிக் தடை. தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேருந்து, ஒரு தடவை தூக்கிப் போடற 14 வகைச் சாமானுக்குத் தடை. 2021 டிசம்பர்ல மஞ்சப்பையைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. தடை சரிதான், எனக்கு மறுப்பே இல்ல. படப்பை ஏரிக்கரைப் பக்கம் காலையில நடந்து போறவங்களுக்குத் தெரியும், தடைக்கு அப்புறமும் வேலிகாத்தான் முள்ளுல என்ன மாட்டிக்கிட்டு ஆடுதுன்னு. ஆனா தடை பண்ணிட்டா கெமிஸ்டுக்கு வேலை போச்சுன்றது தலைகீழ்க் கணக்கு.

சீக்லரும் நத்தாவும் கோத்த சங்கிலி முழுக்க கார்பனோட கார்பன். அதுல பூச்சி கடிக்கறதுக்குப் பிடியே கிடையாது. அதனாலதான் குடம் உழைக்குது, அதனாலதான் கேரி பேக் மட்கவும் மாட்டேங்குது. தண்ணி பாட்டில் செய்யற பெட் வேற மாதிரி. அதுல நடுநடுவுல எஸ்டர் பிணைப்புன்னு ஒரு பிடி இருக்கு. 2016-ல் ஜப்பான்காரங்க அந்தப் பிடியைக் கடிச்சு பெட்டைத் தின்னற ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சாங்க. பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீனைச் சுலபமா, லாபமா பிரிச்சு எடுக்கற வினையூக்கிதான் இன்னிக்கு உலகம் முழுக்கத் தேடற சாமான். எழுபது வருஷமா கோத்துக்கிட்டே இருந்தோம். இப்ப அவுக்கத் தெரிஞ்ச ஆள் வேணும். கோத்தது எப்படின்னு தெரியாதவங்களுக்கு அவுக்கத் தெரியாது. சிவராம் காலத்து என்.சி.எல்.லயே மட்கக்கூடிய பாலிலாக்டிக் அமிலத்துல வேலை ஆரம்பிச்சிருந்தாங்க. ஓய்வுக்கு அப்புறம் அவர் புனே ஐசர்ல இருந்துக்கிட்டு, பெங்களூருலேருந்து வர்ற ரெசொனன்ஸ் பத்திரிகையில 2017-ல் கரோதர்ஸ், நத்தா இவங்க ரெண்டு பேரைப் பத்தியும் கட்டுரை எழுதினார். நத்தா கட்டுரையை நான் ஷிப்ட் நடுவுல போன்லயே படிச்சேன். என் ரெண்டு வருஷக் குடுவையில நான் எதைப் பண்ணப் பார்த்தேன்னு எனக்கே அன்னிக்குத்தான் ஒழுங்கா புரிஞ்சுது.

இதுல ஒரு வேடிக்கை. எங்க கம்பெனியில பாலிகார்பனேட் குருணையை மெஷின்ல போடறதுக்கு முன்னாடி 120 டிகிரியில மூணு நாலு மணி நேரம் உலர்த்தணும். ஒழுங்கா உலர்த்தலைன்னா மூடியில வெள்ளி வெள்ளியா கோடு விழும். யாரு பண்ணின தப்புன்னு மீட்டிங்ல எல்லாரும் என் மூஞ்சியைப் பார்ப்பாங்க. லேப்ல துரத்தின அதே ஈரம் இங்கேயும் வந்து நிக்குது. வித்தியாசம் என்னன்னா, இங்கே உலர்த்தற மெஷின் ரிப்பேர்னா அன்னிக்கு சாயங்காலமே ஆள் வந்து சரி பண்ணிடறான். ஏன்னா லைன் நின்னா காசு போகும். லேப்ல அடுப்பு நின்னப்ப யாருக்கும் எதுவும் போகல, என் ரெண்டு வருஷத்தைத் தவிர.

பேசி முடிக்கும்போது அஞ்சு மணி. அக்கா காபி கொண்டாந்து வச்சா. அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் பொண்ணைப் பார்த்து, "ஏம்மா, மாமா மாதிரி ரெண்டு வருஷத்துல விட்டுட்டு வந்துடுவியா?"ன்னார்.

"அடுப்பு ரிப்பேர்னா நான் எட்டு மாசம் காத்திருக்கமாட்டேம்பா. உங்க கடையிலேருந்து ஆளைக் கூட்டிட்டுப் போய் சரி பண்ணிடுவேன்"னா.

எனக்கு இது ஏன் அப்ப தோணலன்னு ராத்திரி முழுக்க யோசிச்சேன். (விதிப்படி அப்படிப் பண்ண முடியாதுன்றது வேற விஷயம். அதை இப்பவே அவகிட்ட சொல்ல வேணாம்.)

செவ்வாய்க்கிழமை தாம்பரத்துல ஃபீஸ் கட்டியாச்சு. அவர்தான் வண்டியில கூட்டிட்டுப் போனார். முடிச்சூர் ரோடு டிராஃபிக்ல ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சாம், அதுக்கும் சேர்த்து என்னைத்தான் திட்டினார்.

பதிவர்கள்ல கெமிஸ்ட்ரி ஆராய்ச்சியில இருக்கறவங்க நாலஞ்சு பேராவது இருக்கீங்கன்னு தெரியும். பி.எஸ்சி. ரெண்டாம் வருஷப் பசங்களைக் கோடை விடுமுறையில லேபுக்குள்ள சேர்த்துக்கற இடம் சென்னைப் பக்கம் எது எதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கிண்டி, தரமணி, அடையாறு எங்கே இருந்தாலும் பரவாயில்ல, காலையில நான் கொண்டுபோய் விட்டுடறேன். ஒரே ஒரு நிபந்தனை, அங்கே நைட்ரஜன் உலர்வா இருக்கணும்.